சங்கிலியில் ஓடிய கார்



நான் பிறந்து வளர்ந்தது பீடோங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். விடியற்காலையில் எங்கள் லயத்தில் முதலில் கேட்பது சேவலின் குரல். அடுத்துக் கேட்பது, யாராவது ஒருவர் கப்சாய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தம். அப்பா பால்வெட்டுக்குப் போனது அதில்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டு போனதும் அதில்தான். அந்தக் கப்சாய்க்கு ஓர் உறவுக்காரன் உண்டு. நான்கு சக்கரக்காரன், பெரும்பாலும் சிவப்புச் சட்டை போட்டிருப்பான். அவனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஹோண்டா ஸ்போர்ட்ஸ் என்று அந்தக் காருக்குப் பெயர். எஸ் 500, எஸ் 600, எஸ் 800 என்று மூன்று பிறப்பு. இருவர் மட்டுமே உட்காரலாம். குழந்தை அழுதால் பின்னால் படுக்க வைக்க இடம் கிடையாது. அரிசி மூட்டையும் ஏற்ற முடியாது. இப்படிப்பட்ட காரை எதற்காக உலகம் முழுவதும் ஆர்வலர்கள் தேடிப் பிடித்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நானும் முன்பு சிரித்தவன்தான்.

சிரிப்பு நின்ற கதையை முதலில் சொல்கிறேன். சுங்கைப் பட்டாணியில் எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது குடும்பம் பட்டணத்துக்கு வந்தது. அண்ணன் பதினைந்து வயதில் ஒரு சீனர் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தார். கூட்டுவது, காப்பி வாங்கி வருவது, மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவது என்று இரண்டு வருஷம் போனது. அதற்குப் பிறகுதான் ஸ்பேனர் கைக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் பட்டறை வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு சின்னஞ்சிறு கார் இறங்கியது. கூடவே பினாங்குத் தவுக்கே ஒருவரும் இறங்கினார். கார் அவருடைய தகப்பனார் வாங்கியதாம். மூன்று கார் பட்டறைகளில் காட்டிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு இடத்தில், "இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு கார் இன்ஜினை வையுங்கள்" என்றார்களாம். மூன்றாவது இடத்தில் பழைய இரும்புக்கு எடை போடச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ ஒருவர், "இதன் வயிற்றுக்குள் இருப்பது மோட்டார் சைக்கிள் சாமான், மோட்டார் சைக்கிள்காரனிடம் காட்டு" என்று சொன்னதால் இங்கே வந்தேன் என்றார்.

அண்ணன் முன் மூடியைத் தூக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இங்கே வந்து பார். ஒரு பிடி இன்ஜின், நாலு கார்புரேட்டர்!" என்றார்.

அந்த நாலு கார்புரேட்டர் எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால், அதைச் செய்தவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொயிச்சிரோ ஹோண்டா 1906ஆம் ஆண்டு ஜப்பானில் ஹமமாட்சு பட்டணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கொல்லர், சைக்கிளும் பழுது பார்ப்பார். ஒரு நாள் அந்த ஊருக்கு முதன்முதலாக ஒரு மோட்டார் கார் வந்தது. சிறுவன் அதன் பின்னாலேயே ஓடினான். வண்டி நின்ற இடத்தில் சொட்டிய எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்தான். அந்த வாசனையை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். தொரை வீட்டுக் காரின் பின்னால் புழுதியில் ஓடிய நம் பிள்ளைகளுக்கு இது புரியும்.

1922இல், பதினைந்து வயதில், தோக்கியோவில் ஒரு கார் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். சேர்ந்ததும் என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? முதலாளியின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் வேலை! ஸ்பேனரைத் தொட மாதங்கள் பிடித்தன. சண்டை முடிந்து நாடு சாம்பலாகக் கிடந்த 1946இல், பட்டாளம் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு வைத்திருந்த சின்ன இன்ஜின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். பெட்ரோல் டாங்கி செய்யத் தகடு இல்லை. குளிருக்குப் படுக்கையில் வைக்கும் வெந்நீர்ப் புட்டியை டாங்கியாக வைத்துப் பார்த்தார். அந்தச் சைக்கிளை முதலில் ஓட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் அவர் மனைவி சாச்சி அம்மையார். 1948இல் ஹோண்டா கம்பெனி பிறந்தது.

பத்தே வருஷத்தில், 1958இல், நம் கப்சாயின் மூத்த தலைமுறை வெளிவந்தது. சூப்பர் கப் என்று பெயர். இன்ஜின் 50 சிசி. சக்தி நாலரைக் குதிரை. கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு, ஒரு கையில் ஹேண்டில் பிடித்து ஓட்டும்படி, கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் ஏற்பாடு. செயினுக்குள் மண் போகாதபடி முழுவதும் மூடிய உறை. இந்த உறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் அதற்கு வருவேன். அதே 1958இல் பினாங்கின் லோ பூன் சியூ மலாயாவுக்கு அந்த வண்டியைக் கொண்டு வரும் உரிமையைப் பெற்றார். அவரும் சிறு வயதில் சீனாவிலிருந்து வந்து பஸ் கழுவி, பஸ் மெக்கானிக்காக உயர்ந்தவர். 2017ஆம் ஆண்டுக்குள் உலகம் முழுவதிலும் செய்யப்பட்ட இந்த வகை வண்டிகள் பத்துக் கோடியை எட்டின. நான்கு சக்கர வண்டியாகட்டும், இரு சக்கர வண்டியாகட்டும், எஞ்சின் பூட்டிய வேறு எந்த வண்டியும் இந்தக் கணக்கை எட்டியதில்லை.

மோட்டார் சைக்கிளில் கொடி கட்டிப் பறந்தவருக்குக் காரும் செய்ய வேண்டும் என்று ஆசை. அந்த நேரத்தில் ஜப்பானிய அரசாங்கம் குறுக்கே வந்தது. இருக்கிற கார் கம்பெனிகளே போதும், புதிதாக யாரும் நுழைய வேண்டாம் என்று சட்டம் கொண்டு வர 1961இல் வாணிப அமைச்சு திட்டம் போட்டது. கதவு சாத்துவதற்குள் காலை உள்ளே வைத்துவிட வேண்டும் என்று ஹோண்டா அவசர அவசரமாக வேலையில் இறங்கினார். 1963 ஆகஸ்டில் ஒரு குட்டி லோரி. அக்டோபரில் எஸ் 500 ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் குட்டி லோரியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. காய்கறி ஏற்றும் லோரிக்குப் பந்தயக் கார் மாதிரியான இன்ஜினை வைத்தார்கள்! அவசரத்தில் அவர்களிடம் இருந்த மூளை அது ஒன்றுதான் போலும். கடைசியில் அந்தச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறாமலே போயிற்று.

இன்னொரு தகராறு நிறத்தால் வந்தது. காரைச் சிவப்பாகச் செய்ய வேண்டும் என்பது ஹோண்டாவின் பிடிவாதம். அப்போது ஜப்பானில் சிவப்பு தீயணைப்பு வண்டிக்கு. வெள்ளை போலீஸ், ஆம்புலன்சுக்கு. மற்றவர் பூசக் கூடாது. அவருடைய ஆட்கள் அமைச்சுக்கு நடையாய் நடந்தார்கள். அவரோ பத்திரிகையிலேயே எழுதினார்: நிறத்தைக் கூட அரசாங்கம் தனக்கென்று வைத்துக்கொள்ளும் தொழில் நாடு வேறு எங்கே இருக்கிறது என்ற பொருளில். அனுமதி வந்தது. இன்று ஜப்பானியத் தெருவில் ஓடும் சிவப்புக் கார் ஒவ்வொன்றும் அந்தச் சண்டைக்குக் கடன்பட்டது என்று சொல்லலாம்.

விலை வைத்த விதமும் வேடிக்கையானது. எஸ் 500 என்ன விலை இருக்கும் என்று பொது மக்களைக் கேட்டு ஒரு போட்டி நடத்தினார்கள். 57 லட்சம் பேருக்கு மேல் விடை எழுதிப் போட்டார்கள். பிறகு 4,59,000 யென் என்று அறிவித்தார்கள். பலரும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

இனி அந்த ஒரு பிடி இன்ஜினுக்கு வருவோம். அந்தக் காலத்துக் கிராணிமார் வைத்திருந்த மோரிஸ் மைனர் காரைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதன் இன்ஜின் 1,098 சிசி. 48 குதிரைச் சக்தி. அந்தச் சக்தியைக் கொடுக்க அது நிமிடத்துக்கு 5,100 முறை சுற்றும். எஸ் 600 இன்ஜின் 606 சிசிதான், ஏறத்தாழப் பாதி. ஆனால் சக்தி 57 குதிரை! எப்படி? நிமிடத்துக்கு 8,500 முறை சுற்றுகிறது.

இதைத் தோட்டத்துக் கணக்கில் சொல்கிறேன். காண்டாக் கம்பில் இரண்டு பெரிய வாளி பால் தூக்கிக்கொண்டு ஒருவர் மெதுவாக ஸ்டோருக்கு நடக்கிறார். இன்னொருவர் சிறிய வாளிதான் வைத்திருக்கிறார். ஆனால் ஓடி ஓடி இரண்டு நடை கொண்டு வந்துவிடுகிறார். நிறுத்துப் பார்த்தால் சின்ன வாளிக்காரர் கொண்டு வந்த பால் அதிகம். ஆனால் அப்படி ஓட வேண்டுமானால் அவருக்கு நல்ல மூச்சும், பிடிப்பான காலும் வேண்டும் அல்லவா? மூச்சுக்காகத்தான் நான்கு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு கார்புரேட்டர். காலுக்காகத்தான் கிராங்க் தண்டுக்கு உருளை பேரிங், மோட்டார் சைக்கிளில் போடுவது போல. 50 சிசி சூப்பர் கப்பும் தன் நாலரைக் குதிரையைக் கொடுப்பது நிமிடத்துக்கு 9,500 சுற்றில்தான். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே பழக்கம்.

அடுத்து, இந்தப் பேச்சுக்குப் பெயர் கொடுத்த விஷயம். சாதாரணக் காரில் இன்ஜினின் சக்தி நீண்ட தண்டு வழியாகப் பின் அச்சுக்குப் போய்ச் சக்கரத்தைச் சுற்றும். ஹோண்டா இப்படிச் செய்யவில்லை. பின் அச்சு இருக்க வேண்டிய இடத்தைப் பெட்ரோல் டாங்கிக்கும் சாமானுக்கும் விட்டுவிட்டார். பல் சக்கரப் பெட்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் காரின் உடம்போடு இறுக்கினார். அங்கிருந்து இடது சக்கரத்துக்கு ஒரு செயின், வலது சக்கரத்துக்கு ஒரு செயின்! ஒவ்வொன்றும் எண்ணெய் ஊற்றி மூடிய இரும்பு உறைக்குள் ஓடும். நினைவில் வைக்கச் சொன்ன கப்சாய் உறை இருக்கிறதே, அதன் பெரிய வடிவம். அந்த உறையே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் கையாகவும் வேலை செய்கிறது. குழியில் விழுந்தால் அந்த ஒரு பக்கக் கை மட்டும் ஏறி இறங்கும்.

இதில் ஒரு விநோதம். மற்றக் கார்களை வேகமாகக் கிளப்பினால் மூக்கு தூக்கும், வால் அமுங்கும். இந்தக் காரில் செயின் இழுக்கும் விசையில் அந்தக் கை தரையில் ஊன்றப் பார்க்கும். கையை ஊன்றினால் முதுகு எழும் அல்லவா? அதனால் வால் மேலே தூக்கிக்கொண்டு கிளம்பும். கீரிப்பிள்ளை பாயப் போவது போல இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். 1966இல் வந்த எஸ் 800இல் முதலில் செய்த கார்களுக்கு மட்டும் செயின் இருந்தது. பிறகு மற்றவர்களைப் போல அச்சுக்கு மாறிவிட்டார்கள். அச்சு வைத்த எஸ் 800 மணிக்கு 160 கிலோமீட்டர் வரை போகும் நல்ல கார்தான். ஆனாலும் ஆர்வலர்கள் குனிந்து காரின் அடியில் முதலில் தேடுவது செயின் உறையைத்தான். நல்ல கார் எத்தனையோ உண்டு, இப்படி யோசித்த கார் வேறு எங்கே என்பது அவர்கள் பேச்சு. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது டொயோட்டா 2000 ஜிடி. 1967 முதல் 1970 வரை 350 வண்டி போலத்தான் செய்தார்கள். யமஹா கம்பெனியோடு சேர்ந்து செய்தது. பியானோ செய்யும் கம்பெனி அல்லவா, உள்ளே மரவேலை கண்ணைப் பறிக்கும். 1967இல் ஜேம்ஸ் பாண்ட் படத்திலும் வந்தது. 2013இல் அமெரிக்காவில் ஒன்று பதினொரு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அது ராஜா வீட்டுப் பிள்ளை. நம் ஹோண்டா அப்படியல்ல. எஸ் 500 ஆயிரத்து முந்நூறு சொச்சம், எஸ் 600 பதின்மூவாயிரம், எஸ் 800 பதினோராயிரத்துக்கு மேல். 1970இல் நிறுத்தும்போது அவ்வளவுதான் கணக்கு. அவற்றில் எத்தனை துருப்பிடித்துப் போயினவோ, எத்தனைக்கு இன்ஜின் மாற்றினார்களோ! இன்ஜின் மாற்றிய கார் ஓடும், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த அந்த யோசனை அதில் இருக்காது. சிவப்புத் தகரம்தான் மிஞ்சும்.

அண்ணன் தவுக்கேயிடம் அதைத்தான் சொன்னார். "இன்ஜின் மாற்ற வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் தவுக்கே. இதையே ஓட வைக்க வேண்டுமென்றால் எனக்கு நாள் கொடுங்கள். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள்." தவுக்கே யோசித்துவிட்டு, காரை விட்டுவிட்டுப் போனார்.

ஏழு மாதம் ஆயிற்று. பகலில் கப்சாய் வேலை. இரவில் இந்த வேலை. பழுதுபார்க்கும் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. படிவம் ஐந்து படிக்கும் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பொருள் சொல்வாள். அண்ணன் கையில் சாமானை வைத்துக்கொண்டு கேட்பார். சில இடத்தில் மகளுக்கு வார்த்தை தெரியும், அது என்ன பொருள் என்று தெரியாது. அப்பாவுக்குப் பொருள் தெரியும், வார்த்தை தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்துதான் பக்கத்தைத் திருப்பினார்கள்.

கார்புரேட்டர்களில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து கிடந்தது. கிராங்க் தண்டின் உருளை பேரிங் தப்பித்திருந்தது. அது போயிருந்தால் சாதாரணப் பட்டறையில் ஒன்றும் செய்ய முடியாது, ஏனெனில் தண்டையே துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி அழுத்திச் சேர்க்க வேண்டும். யாரோ ஒரு காலத்தில் எண்ணெயை ஒழுங்காக மாற்றியிருக்கிறார் என்றார் அண்ணன். இடது பக்கச் செயின் உறையில்தான் சோதனை. எண்ணெய் ஒழுகி, உறை காய்ந்து, பல் சக்கரம் தேய்ந்திருந்தது. ஜப்பானில் இதே காரை வைத்திருக்கும் ஓர் ஆர்வலரிடமிருந்து பழைய சாமான் ஒன்று வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று. கப்சாய் வைத்திருக்கும் நேயர்கள் இந்த இடத்தில் தங்கள் வண்டிச் செயினை நினைத்துக்கொள்ளலாம். விரலால் தூக்கிப் பார்த்தால் ஓர் அங்குல அளவு ஆட வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பல்லைத் தின்னும். அதற்குக் கீழே இறுகினால் பேரிங்கைத் தின்னும்.

கடைசி வேலை நாலு கார்புரேட்டரையும் ஒரே மூச்சில் இழுக்க வைப்பது. நாலும் சமமாகக் காற்று இழுக்கவில்லை என்றால் இன்ஜின் நொண்டும். இதற்கென்று அளவுகோல் உண்டு, அண்ணனிடம் இல்லை. ஒரு முழ நீளம் ரப்பர்க் குழாயை எடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கேட்டார். இன்ஜின் காற்றை இழுக்கும் "உஸ்" என்ற ஓசை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார், கேட்பார். மறுபடி திருப்புவார், கேட்பார். பட்டறையில் ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டார். என்னிடமும் குழாயைக் கொடுத்தார். முதலாவதும் மூன்றாவதும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்டது. அவர் சிரித்துவிட்டு, "மூன்றாவது கொஞ்சம் பசியாக இருக்கிறது" என்றார்.

தவுக்கே வந்த அன்று அவரையே சாவி போடச் சொன்னார். கிளம்பியது. அது கார் சத்தம் அல்ல. பத்துக் கப்சாய் ஒரே தாளத்தில் ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. பக்கத்துக் கடைப் பையன்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். தவுக்கே கூலி கேட்டார். அண்ணன் ஒரு தொகை சொன்னார். தவுக்கே அதற்கு மேலும் சில நூறு வெள்ளி வைத்தார். அண்ணன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மாதம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள், மூடி வைத்தால் மறுபடி பிசின் பிடிக்கும்" என்றார்.

தவுக்கே கியர் போட்டார். எங்கள் எல்லார் கண்ணும் பின் சக்கரத்தின் மேல்தான் இருந்தது. கார் வாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. அண்ணனின் மகள் கைகொட்டி, "அப்பா, புத்தகத்தில் போட்டிருந்த மாதிரியே எழும்பியது!" என்றாள். சாலை முனையில் திரும்பி, பட்டர்வொர்த் பக்கம் போகும் சத்தம் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து காத்திருந்த ஒரு கப்சாயைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.